எத்தனை கிலோ என்று கேட்கிறோம், எத்தனை நாள் என்று கேட்பதில்லை: பசியை அடக்கும் மருந்துகள் பற்றி

எடையைக் குறைக்க டாக்டரிடம் மருந்து எழுதி வாங்கலாமா என்று யோசிக்கும் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான்: எத்தனை கிலோ குறையும்? அடுத்தது, எவ்வளவு சீக்கிரம்? இரண்டும் நியாயமான கேள்விகள். ஆனால் பசியை அடக்கும் மருந்துகளின் 80 வருடக் கதையைப் புரட்டிப் பார்த்தால், மூன்றாவதாக ஒரு கேள்வியை டாக்டர்கள், கம்பெனிகள், நோயாளிகள் என்று எல்லோருமே கேட்காமல் விட்டதால்தான் பெரும்பாலான ஏமாற்றங்களும் சில மரணங்களும்கூட நடந்திருக்கின்றன என்று தெரியவரும். இதை எத்தனை நாளைக்குச் சாப்பிட வேண்டும், நிறுத்தினால் என்ன ஆகும்?

அதற்குப் பதில் தேட, முதலில் பசியைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். "வாயைக் கட்டு, தானாகக் குறையும்" என்ற அறிவுரையைக் கேட்காத பருமனான ஆள் யாரும் இருக்க முடியாது. அதில் பாதி உண்மை. குறைவாகச் சாப்பிட்டால் எடை குறையும்தான். மீதிப் பாதி என்னவென்றால், எடை குறையக் குறைய உடம்பு அதை எதிர்த்து வேலை செய்யும். கொழுப்புச் செல்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கையிருப்பில் எவ்வளவு கொழுப்பு இருக்கிறது என்று மூளையின் அடிப்பகுதியில் இருக்கிற ஹைபோதலாமஸுக்கு அது சேதி சொல்கிறது. 1994ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் என்ற அமெரிக்க ஆய்வாளரின் ஆய்வுக்கூடம் இதைக் கண்டுபிடித்தபோது, லெப்டினையே ஊசியாகப் போட்டுவிடலாம், பிரச்சினை தீர்ந்தது என்றுதான் பலர் நம்பினார்கள். பிறவியிலேயே லெப்டின் சுரக்காத ஒரு சிலருக்கு அது அற்புதமாக வேலை செய்தது. மற்றவர்களுக்குப் பெரிதாகப் பலன் இல்லை, ஏனென்றால் பருமனாக இருப்பவர்களின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே நிறையவே ஓடுகிறது, மூளைதான் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. ஆனால் எடை குறைந்து லெப்டின் இறங்கினால் மட்டும் மூளை அதை உடனே கவனித்துவிடுகிறது. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்துப் பசியைக் கூட்டுகிறது. வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோனும் கூடவே ஏறுகிறது.

இது எவ்வளவு நாள் நீடிக்கும் என்று ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஒரு குழு பார்த்தது. 2011ல் வெளியான அந்த ஆய்வில் 50 பேரை 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்தார்கள், சராசரியாக 13.5 கிலோ குறைந்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது எடை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக்கொண்டிருந்தது, ஆனால் பசியைத் தூண்டுகிற ஹார்மோன்கள் இன்னும் பழைய நிலைக்கு இறங்கவில்லை. அவர்கள் சொன்ன பசியும் அப்படியே. கெவின் ஹால் என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு இதை எண்ணாகவே கணக்கிட்டது: குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாளைக்குச் சுமார் 100 கலோரி அளவுக்குப் பசி கூடுகிறதாம், உடம்பு எரிக்கும் சக்தி 20 முதல் 30 கலோரி குறைகிறதாம். 10 கிலோ குறைத்த ஒருவர் தினமும் எதை எதிர்த்து நிற்கிறார் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அவரைப் பார்த்து மன உறுதி போதாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பசியைக் குறைக்கும் மருந்து வந்து நிற்கும் இடம் இதுதான். அது கொழுப்பைக் கரைப்பதில்லை. அந்தக் கூடுதல் பசியின் குரலைத் தணிக்கிறது, அவ்வளவே. தணிக்கிற வழிதான் மருந்துக்கு மருந்து மாறுகிறது, ஆபத்தும் அந்த வழியைப் பொறுத்துத்தான் வருகிறது.

பழைய வழி ஆம்ஃபெட்டமின் குடும்பம். ஆபத்தில் ஓடும்போது யாருக்கும் பசிக்காது, இல்லையா? உடம்பை உஷார்ப்படுத்தும் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தை மூளையில் கூட்டிவிட்டு ஏறக்குறைய அந்த முறுக்கேறிய நிலையை மாத்திரையால் உண்டாக்குவதுதான் இந்த வழி. பசி அடங்கும். கூடவே நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும், வாய் உலரும், தூக்கம் போகும், ஆம்ஃபெட்டமினைப் பொறுத்தவரை அடிமைத்தனமும் வரும். 1940களிலிருந்து 1960கள் வரை அமெரிக்காவில் இதை தைராய்டு ஹார்மோன், சிறுநீர் பிரிக்கும் மருந்து, பேதி மருந்து, இதயத்துக்கான டிஜிட்டாலிஸ் எல்லாவற்றோடும் கலந்து கலர் கலரான மாத்திரைகளாகக் கொடுத்தார்கள். 'வானவில் மாத்திரை' என்று அவற்றுக்குப் பெயர். ஆளுக்கு ஒரு கலர், காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று, தனக்காகவே தயாரித்தது போன்ற நம்பிக்கை. பலர் செத்த பிறகுதான் 1960களின் கடைசியில் அரசு அவற்றைப் பறிமுதல் செய்தது.

அந்தக் குடும்பத்தில் மென்மையான வாரிசு ஃபென்டர்மின். 1959ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, இன்றும் அங்கே அதிகம் எழுதப்படும் எடைக் குறைப்பு மாத்திரைகளில் ஒன்று. மருந்தின் விவரச்சீட்டில் 'சில வாரங்களுக்கு மட்டும்' என்ற மாதிரியான வார்த்தைகள் இருக்கும். படித்துவிட்டு எளிதாகக் கடந்துபோகிற வரி அது. ஆனால் யோசித்துப் பாருங்கள், பருமன் வருடக்கணக்கில் இருக்கிற நிலை, எடை குறைந்த பிறகு ஒரு வருடம் கழித்தும் பசி கூடுதலாகவே இருக்கும் என்று மேலே பார்த்தோம். அதற்குச் சில வார மருந்தால் என்ன செய்ய முடியும்? போதாக்குறைக்கு, நாளாக ஆக உடம்பு இதற்குப் பழகிவிடுவதால் பலருக்கு முதல் மாதத்தில் இருந்த வேகம் பிறகு இருக்காது. அதற்காக டோஸைத் தானாகக் கூட்டிக்கொள்வது மிகவும் ஆபத்து. இதய நோய் உள்ளவர்கள், தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்கள், க்ளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் இதைத் தொடவே கூடாது.

இனி வரலாற்றில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ஒரே தப்பு திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 1965ல் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, ஆஸ்திரியாவில் அமினோரெக்ஸ் என்ற பசி அடக்கி வந்தது. கொஞ்ச காலத்தில் அங்குள்ள டாக்டர்கள் நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் ஏறும் ஒரு அபூர்வ நோயை அடிக்கடி பார்க்கத் தொடங்கினார்கள், அது உயிரைக் குடிக்கும் நோய். 1968ல் மருந்து போய்விட்டது, சிலருக்கு நோய் போகவில்லை.

அடுத்து ஃபென்-ஃபென். இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். ஃபென்ஃபுளுரமின் என்ற மருந்து, மூளையில் சேதி கடத்தும் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் வழியாக வயிறு நிறைந்த உணர்வைத் தரும், ஆனால் தூக்கம் வரவைக்கும். ஃபென்டர்மின் விழிப்பாக வைக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டும் என்பது யோசனை. 1992ல் மைக்கேல் வைன்ட்ராப் என்ற ஆய்வாளர் 121 பேரை வைத்துச் செய்த ஆய்வின் முடிவை வெளியிட்டார், நல்ல பலன். 121 பேர்தான். ஆனால் அதைப் பார்த்து மருந்துச்சீட்டுகள் லட்சக்கணக்கில் குவிந்தன, இரண்டையும் சேர்த்துக் கொடுக்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதியே தரவில்லை, தனித்தனியாக அனுமதி இருந்ததால் டாக்டர்கள் சேர்த்து எழுதினார்கள். 1996ல் ஃபென்ஃபுளுரமினின் நெருங்கிய உறவான டெக்ஸ்ஃபென்ஃபுளுரமினுக்கும் அனுமதி கிடைத்தது. அதே வருடம் வந்த ஒரு ஐரோப்பிய ஆய்வு, இந்த வகை மருந்துகளை 3 மாதத்துக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பழைய நுரையீரல் அழுத்த நோயின் அபாயம் 20 மடங்குக்கும் மேல் என்று சொன்னது. 1997ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 24 பெண்களைப் பற்றி எழுதினார்கள். எல்லோரும் ஃபென்-ஃபென் சாப்பிட்டவர்கள், எல்லோருக்கும் இதய வால்வு தடித்துப்போய் ரத்தம் கசிந்தது. அந்த செப்டம்பரிலேயே இரண்டு செரட்டோனின் மருந்துகளும் திரும்பப் பெறப்பட்டன. ஃபென்டர்மின் மேல் அந்தப் பழி விழவில்லை, அதனால்தான் அது இன்னும் இருக்கிறது.

வால்வு ஏன் கெட்டது? செல்களில் செரட்டோனின் வந்து ஒட்டும் ஏற்பிகளில் ஒரு வகை மூளையில் பசியைக் குறைக்கிறது, இன்னொரு வகை இதய வால்வின் செல்களில் இருக்கிறது. மருந்து இரண்டையும் தட்டியது. வால்வு செல்கள் பெருகித் தடித்தன. இது மாதக்கணக்கில் மெதுவாக நடக்கிற மாற்றம், யாரும் இதய ஸ்கேன் எடுத்துப் பார்க்கவில்லை என்றால் மூச்சு வாங்கும் வரை தெரியவே தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அதே ஃபென்ஃபுளுரமின் 2020ல் ட்ராவே சிண்ட்ரோம் என்ற கடுமையான குழந்தைப்பருவ வலிப்பு நோய்க்கு அனுமதி பெற்றுத் திரும்பி வந்தது, ஆனால் இந்த முறை 6 மாதத்துக்கு ஒரு முறை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்க வேண்டும் என்ற கட்டாயத்தோடு. மருந்து மாறவில்லை, கண்காணிப்பு மாறியிருக்கிறது.

அப்புறம் சிபுட்ரமின், 1997ல் வந்தது. 55 வயது தாண்டிய, இதய நோயோ சர்க்கரையோ உள்ள ஏறக்குறைய 9,800 பேரிடம் சில வருடம் பார்த்தபோது மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை மருந்து சாப்பிட்டவர்களில் 11.4 சதவீதம், சாப்பிடாதவர்களில் 10 சதவீதம். 2010ல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நின்றது. ரிமோனபான்ட் 2006ல் ஐரோப்பாவுக்கு வந்தது, மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் கூடியதால் 2008லேயே போனது. லோர்காசெரின், வால்வைத் தொடாமல் மூளையின் ஏற்பியை மட்டும் தட்டும்படி கவனமாக வடிவமைத்த மருந்து, 2012ல் அனுமதி. 12,000 பேரிடம் பல வருடம் சோதித்ததில் வால்வு பத்திரம், ஆனால் புற்றுநோய் 7.7 சதவீதம், மருந்து இல்லாதவர்களுக்கு 7.1. வித்தியாசம் சிறியதுதான், ஆனாலும் 2020ல் திரும்பப் பெற்றார்கள். நூறு பேரை ஆறு மாதம் பார்த்தால் இதெல்லாம் ஒருபோதும் கண்ணில் படாது. எடை குறைவது மூன்று மாதத்தில் தெரிந்துவிடுகிறது, கெடுதல் தெரியத்தான் ஆயிரக்கணக்கான ஆட்களும் பல வருடங்களும் தேவைப்படுகின்றன. இந்த இடைவெளியில் சிக்கியவர்கள்தான் ஃபென்-ஃபென் சாப்பிட்டவர்கள்.

சரி, இப்போது எல்லோரும் பேசும் ஊசிகளுக்கு வருவோம். சாப்பிட்டதும் குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, 'போதும்' என்ற சேதியை மூளைக்குக் கொண்டுபோவதில் அதற்கும் பங்குண்டு. ஆனால் சில நிமிடங்களில் ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். 1990களின் தொடக்கத்தில் ஜான் எங் என்ற ஆய்வாளர் கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் சுரப்பில் இதே வேலையைச் செய்கிற, ஆனால் சீக்கிரம் சிதையாத ஒரு பொருளைக் கண்டார். அதிலிருந்து 2005ல் எக்ஸெனடைட் என்ற சர்க்கரை மருந்து வந்தது. அந்த வழியில் தொடர்ந்து வேலை செய்து, உடம்பில் ஒரு வாரம் தங்கும் செமாக்ளூடைட் வந்தது. ஓசெம்பிக் என்ற பெயரில் சர்க்கரைக்கும், வெகோவி என்ற பெயரில் 2021லிருந்து எடைக்கும். டிர்செபடைட் என்ற ஊசி இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

பலன் பழைய மாத்திரைகளோடு ஒப்பிடவே முடியாத அளவு. செமாக்ளூடைட் எடுத்தவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைந்தார்கள், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்கள் 2.4 சதவீதம். டிர்செபடைட்டின் அதிக டோஸில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். இவை சராசரிதான், சிலருக்கு மிக அதிகமாகக் குறையும், சிலருக்கு எதுவுமே ஆகாது. எடுத்தவர்கள் பலர் சொல்வது எடையைப் பற்றிக்கூட இல்லை, எந்நேரமும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்த சாப்பாட்டு நினைப்பு சட்டென்று அடங்கிப்போனதைப் பற்றி. மற்றவர்களுக்கெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கிறதா என்று அவர்கள் ஆச்சரியப்படுவதைக் கேட்கும்போது, வாயைக் கட்டச் சொன்ன நம் எல்லோர் மேலும் எனக்குக் கோபம் வருகிறது.

'எத்தனை நாள்' கேள்விக்கும் இவை ஓரளவு நல்ல பதில் வைத்திருக்கின்றன. இந்த வகை மருந்துகள் சர்க்கரைக்காக 20 வருடமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. ஏற்கெனவே இதய நோயுள்ள, சர்க்கரை இல்லாத 17,604 பேரை சராசரியாக மூன்று வருடத்துக்கும் மேல் பார்த்த ஆய்வு 2023ல் வந்தது, செமாக்ளூடைட் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைவு. எடை மருந்து ஒன்று இதயத்தைக் கெடுக்காமல் காப்பாற்றியது இந்தக் கதையில் பெரிய திருப்பம். அதே ஆய்வில் பக்க விளைவு தாங்காமல் 16.6 சதவீதம் பேர் மருந்தை நிரந்தரமாக விட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தப் பக்க விளைவுகள் பெரும்பாலும் வயிறு சம்பந்தப்பட்டவை. குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல். டோஸை மாதத்துக்கு ஒரு படியாக ஏற்றுவதே இதற்காகத்தான், செமாக்ளூடைட்டில் முழு டோஸைத் தொட 16 வாரம் ஆகும், அவசரப்பட்டு ஏற்றியவர்கள்தான் அதிகம் அவதிப்படுகிறார்கள். பித்தக்கல் வரும் வாய்ப்பு கூடுகிறது. அபூர்வமாகக் கணைய அழற்சி வரலாம், மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பாயும் விடாத வலி வந்தால் ஊசியை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குடும்பத்தில் மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இருந்தால் இந்த மருந்து வேண்டாம். இரைப்பை மெதுவாகக் காலியாவதால் ஆபரேஷனுக்கு முன் மயக்க மருந்து டாக்டரிடம் இதைச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் செமாக்ளூடைட்டைக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைட் கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும் என்பது பல பெண்களுக்குச் சொல்லப்படுவதே இல்லை.

இன்னொன்று தசை. குறைகிற எடையில் கால் பங்கு, சில ஆய்வுகளில் 40 சதவீதம் வரை, கொழுப்பு அல்லாத திசு. பசியே இல்லாமல் அரைத் தட்டு சாப்பிடுகிறவர் அந்த அரைத் தட்டில் புரதத்தை முதலில் சாப்பிடாவிட்டால், எடை தூக்குகிற மாதிரியான உடற்பயிற்சி எதுவும் செய்யாவிட்டால், கொழுப்போடு பலமும் போகும். வயதானவர்களுக்கு இது விளையாட்டு விஷயமில்லை. எடை திரும்பி வரும்போது பெரும்பாலும் கொழுப்பாகவே வருகிறது, போன தசை முழுதாக வருவதில்லை.

திரும்பி வருமா? வரும். செமாக்ளூடைட்டை 68 வாரத்துக்குப் பிறகு நிறுத்தியவர்களை ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு எடை திரும்பிவிட்டது. டிர்செபடைட்டிலும் நிறுத்தியவர்களுக்கு ஏறியது, தொடர்ந்தவர்களுக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை, மூடி வைத்திருந்த பசி மூடியை எடுத்ததும் வெளியே வருகிறது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியதும் அழுத்தம் ஏறினால் மாத்திரை ஏமாற்றிவிட்டது என்று யாரும் சொல்வதில்லையே. ஆகவே கல்யாணத்துக்கு முன் 3 மாதம், கோடையில் ஒரு தடவை என்று இதை எடுப்பதில் எனக்கு எந்த நியாயமும் தெரியவில்லை. பொதுவாக உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ கணக்கு) 30க்கு மேல், அல்லது 27க்கு மேல் இருந்து கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற ஏதாவது உள்ளவர்களுக்குத்தான் இவை அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. ஆபத்தையும் பலனையும் எடைபோட்டது அவர்களை வைத்துத்தான். அழகுக்காக 4 கிலோ குறைக்க நினைப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மருந்துச்சீட்டு இல்லாமல் கிடைப்பதை வாங்கவே வாங்காதீர்கள். தடைசெய்யப்பட்ட சிபுட்ரமின் இன்றும் 'மூலிகை' என்று விற்கும் எடைக் குறைப்புப் பொடிகளிலும் காப்ஸ்யூல்களிலும் உலகம் முழுக்கச் சிக்கிக்கொண்டே இருக்கிறது, பெட்டியில் அதன் பெயர் இருக்காது. ஒரு மூலிகைப் பொடி சாப்பிட்டதும் பசி சுத்தமாக அடங்கி நெஞ்சு படபடத்தால் சந்தேகப்பட வேண்டும். தோழிக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவதும் அதே ஆபத்துதான்.

டாக்டரிடம் போகிறவர்கள் முதல் நாளே சிலவற்றைக் கேட்டுவிடுங்கள். முழு டோஸில் 3 மாதம் ஆன பிறகு எவ்வளவு குறைந்தால் தொடர்வோம், எவ்வளவு குறையாவிட்டால் நிறுத்துவோம்? பல வழிகாட்டுதல்களில் 5 சதவீதம் என்பது கோடு. அதுகூடக் குறையாமல் வருடக்கணக்கில் ஒரு மருந்தைச் சுமப்பதில் பயனில்லை. எனக்கு எந்தெந்தப் பரிசோதனை, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை? நான் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளோடு சேருமா? குறிப்பாக இன்சுலின் போடுகிறவர்களுக்குச் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஃபென்டர்மினோடு மோதலாம். முன்பு சாப்பாட்டை ஒதுக்கியோ வாந்தி எடுத்தோ எடை குறைத்த பழக்கம் இருந்தால் வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், அப்படிப்பட்டவர்களுக்குப் பசியை அடக்குவது மிகவும் கெடுதலாகப் போகலாம்.

இன்னும் ஒரு விஷயம். மருந்தை விட்ட பிறகு எடை ஏறியவர்கள் பலர் மறுபடி டாக்டர் முன்னால் போய் நிற்கக் கூச்சப்படுகிறார்கள், ஏதோ பரீட்சையில் தோற்றது போல. போகாமல் வீட்டில் மிச்சமிருக்கும் ஊசியைப் பழைய முழு டோஸிலேயே போட்டுக்கொள்கிறார்கள், இரண்டு நாள் வாந்தி எடுத்து நீர்ச்சத்து வற்றிக் கடைசியில் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறார்கள். இரண்டு மூன்று வாரம் ஊசி தவறினாலே டாக்டரைக் கேட்டுவிட்டுத்தான் தொடர வேண்டும், மாதக்கணக்கில் விட்டிருந்தால் மறுபடி முதல் படியின் சின்ன டோஸிலிருந்தே ஏறி வர வேண்டியிருக்கும்.